சந்தைப் பாதைக் கள்ளுக்கடை எந்த வருஷம் மூடினது? வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்

காரிமங்கலத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தைக்கு எங்கள் ஊரிலிருந்து போகிற பழைய வண்டிப்பாதையில், ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் கூரை இல்லாத ஒரு கல் கட்டடம் நிற்கிறது. நாலு சுவர், வாசலில் இரண்டு கல் தூண், உள்ளே சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான். யாரைக் கேட்டாலும் அது கள்ளுக்கடை என்பார்கள். எப்போது மூடினார்கள் என்று கேட்டால்தான் வம்பு.

தாத்தா இருந்தவரை "ராஜாஜி மூடினது, நான் அப்போ பொடிப்பையன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா 1960-ல் பிறந்தவர், தான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது அந்த வழியில் புளித்த வாடை தூக்கி அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவோம் என்கிறார். பெரியப்பா மகன் ஒருவர் அப்பாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர், அவர் எம்ஜிஆர் காலத்தில் கள்ளுக்கடை வாசலில் சுண்டல் விற்ற கிழவியிடம் வாங்கித் தின்றிருக்கிறேன் என்று சத்தியம் செய்கிறார். ராஜாஜி மூடின கடையில் எம்ஜிஆர் காலத்தில் எப்படிச் சுண்டல் விற்கும்? மூவரில் யாரோ கதை விடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏன் இந்த வேலையற்ற வேலை என்று கேட்பீர்கள். இங்கிலாந்தில் இருக்கும் மாமா பையன் அவன் குடியிருக்கும் சந்தை ஊரில் மூடிக்கிடக்கும் ஒரு பழைய பப்பைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே எழுதி வைத்ததை அனுப்பினான். எந்த வருஷம் யார் உரிமம் எடுத்தார், யார் விதவையானபின் நடத்தினார், எப்போது கூரை மாற்றினார்கள் என்று வரிசையாக இருக்கிறது. படித்ததும் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நம் ஊர்க் கோயிலுக்குத் தல வரலாறு உண்டு, கள்ளுக்கடைக்கு ஒரு வரி கிடையாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஏதாவது பதிவேடு இருக்குமா, யார் நடத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

தகடூர்ப் பழசு:

தம்பி, உங்கள் வீட்டில் யாரும் கதை விடவில்லை. கடை ஒரு தடவை மட்டும் மூடியிருந்தால்தானே ஒரே வருஷம் சொல்ல முடியும்? நம் பக்கத்துக் கள்ளுக்கடைகள் மூடித் திறந்து மூடித் திறந்து வந்தவை.

முதல் மூடல் 1937 அக்டோபர் 1. இந்தத் தேதியை மறக்கவே கூடாது, ஏனென்றால் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலில் மதுவிலக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், அரூர், ஊத்தங்கரை எல்லாம் அப்போது சேலம் மாவட்டம். தர்மபுரி தனி மாவட்டமானதே 1965-ல், அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல். அதனால் சென்னையிலும் மதுரையிலும் கடைகள் ஜோராக நடந்துகொண்டிருந்தபோது உங்கள் தாத்தா பார்த்த கடைக்குப் பூட்டு விழுந்துவிட்டது. ராஜாஜி அந்த ஜூலையில்தான் பதவிக்கு வந்தார், மூன்று மாதம் முடிவதற்குள் தன் சொந்த மாவட்டத்தில் ஆரம்பித்தார். சோதனை என்றுதான் சொன்னார்கள், சரியாக வந்தால் மற்ற மாவட்டங்களுக்கும் என்று. 1938-ல் சித்தூரும் கடப்பையும், 1939-ல் வடஆற்காடும் சேர்ந்தன.

இதில் ஒரு விஷயத்தை யாரும் பேசுவதில்லை. கள்ளிலும் சாராயத்திலும் வந்த ஆப்காரி (மதுவரி) வருமானம் அரசாங்கத்துக்குச் சின்னத் தொகை இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி என்று ஒன்று கொண்டுவந்தார்கள், இந்தியாவிலேயே அதுதான் முதல். நாம் உப்புக்கும் புளிக்கும் கட்டிய வரிக்கு உங்கள் ஏரிக்கரைக் கடையும் ஒரு காரணம். ஜிஎஸ்டி வந்து எல்லா வரியையும் விழுங்கின பிறகும் குடிக்கிற சரக்கு மட்டும் அதற்குள் வராமல் தனியாக நிற்கிறது என்பது இன்னொரு வேடிக்கை.

காங்கிரஸ் மந்திரிசபை 1939-ல் விலகியது, போர் வந்தது, ஆளுநர் ஆட்சிக்குப் பணம் தேவைப்பட்டது. போர் முடிவதற்கு முன்பே மதுவிலக்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள், கடைகள் திரும்பின. பிறகு 1948 அக்டோபர் 2-ல், ஓமந்தூரார் காலத்தில், மாகாணம் முழுக்கவே தடை. இது நீண்ட தடை, இருபது வருஷத்துக்கு மேல். உங்கள் அப்பா பிறந்தது இதற்குள்.

அப்புறம் 1971 ஆகஸ்ட் 30. மதுவிலக்கு இல்லாத மாநிலங்கள் இனிமேல் கொண்டுவந்தால் மத்திய அரசு மானியம் தரும், ஏற்கெனவே வைத்திருக்கிற எங்களுக்கு ஒன்றும் கிடையாதா என்று கேட்டுப் பார்த்து, கிடைக்கவில்லை என்றதும் கருணாநிதி தடையை எடுத்தார். ராஜாஜிக்கு அப்போது 92 வயது, கொட்டுகிற மழையில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்பது எல்லோரும் அறிந்தது. கடைகள் திறந்தன. உங்கள் அப்பா மூக்கைப் பொத்தியது இந்தக் காலம், வயதுக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் 1973 ஜூலை 30-ல் கள்ளுக்கடை மூடியது, 1974 செப்டம்பர் 1-ல் சாராயக்கடையும் மூடியது. இரண்டு வருஷத்துக்குள் வந்து போன கடை என்பதால் பலருக்கு அது நினைவிலேயே இல்லை.

எம்ஜிஆர் 1981 மே 1-ல் கள்ளையும் சாராயத்தையும் திரும்பத் திறந்தார், 1987 ஜனவரி 1-ல் அவரே மூடினார். சுண்டல் கிழவி இந்த ஆறு வருஷத்துக்குள் எங்கோ இருக்கிறார். கள்ளைப் பொறுத்தவரை அதுதான் கடைசி, இன்றுவரை தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடைதான். 1990-ல் வந்து 1991-ல் போன மலிவு விலை மது, 2003-ல் சில்லறை விற்பனைக்கு வந்த டாஸ்மாக், இதெல்லாம் வேறு பிராணிகள், உங்கள் கட்டடத்துக்குச் சம்பந்தமில்லை.

ஓசூர்வாசி:

பழசு ஐயா நன்றாகச் சொன்னார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி எங்கள் ஓசூர் பக்கம். அவர் தடை போட்ட மாவட்டத்தின் ஓரத்திலேயே மைசூர் சமஸ்தானம், அங்கே தடை கிடையாது. அத்திப்பள்ளி தாண்டினால் கடை. "சாயங்காலம் மாட்டைத் தேடிக்கொண்டு போனேன்" என்று எல்லை தாண்டினவர்கள் கதை எங்கள் பக்கம் நிறைய உண்டு, மாடு மட்டும் எப்போதும் வீட்டிலேயே இருந்திருக்கும். காரிமங்கலம்காரர்களுக்கு அந்த வசதி இல்லை, பாவம். வடஆற்காட்டில் தடை வரும்வரை திருப்பத்தூர்ப் பக்கம் போயிருக்கலாம், அதுவும் இரண்டு வருஷம்தான்.

பாலக்கோட்டுக்காரி:

எல்லோரும் மூடின தேதியையே பேசுகிறீர்கள். கடை ஏன் சந்தைக்குப் போகிற பாதையில் இருந்தது என்று யாராவது யோசித்தீர்களா? சந்தையன்றுதான் கையில் காசு. ஆடு விற்றவன், தேங்காய் விற்றவன், வாரக்கூலி வாங்கினவன் எல்லோரும் திரும்பி வருகிற வழியில் கடை. கள் விற்கிற உரிமையை ஏலம் எடுக்கிறவனுக்கு இடம் தேர்ந்தெடுக்கத் தெரியாதா என்ன.

எங்கள் ஆயா சொல்வார். சந்தை நாளில் மத்தியானமே வீட்டு வேலையை முடித்துவிட்டு, கடைக்கு ஒரு கூப்பிடு தூரம் முன்னால் புளியமரத்தடியில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்களாம். தாத்தா தலை தெரிந்ததும் எழுந்து போய் வேட்டி மடிப்பில் இருக்கிற காசை முதலில் வாங்கிக்கொள்வது, அதில் எண்ணி ஒரு மொந்தைக்கு மட்டும் அவர் கையில் கொடுப்பது. சண்டை எல்லாம் கிடையாது, அது ஒரு ஏற்பாடு. கொடுக்காவிட்டால் கடன் சொல்லிக் குடிப்பார், அது அடுத்த வாரத்துக் காசைத் தின்னும் என்பதால் கொடுத்துவிடுவது லாபம் என்பார் ஆயா. அவர் சொன்னது 71-க்குப் பிந்தைய கடை. அது மூடினபோது பெண்கள் யாரும் அழவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே நேரம் மரம் ஏறினவர்களையும் விட்டுவிடாதீர்கள். 1937-ல் ஒரே நாளில் பிழைப்பு போனது அவர்களுக்குத்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், காய்ச்சினால் வெல்லம், அதற்கு உரிமம் தருகிறோம் என்றார்கள். கள் இறக்கினவன் கை நீட்டினால் காசு. வெல்லம் என்றால் விறகு வேண்டும், பாத்திரம் வேண்டும், நாளெல்லாம் அடுப்படியில் நிற்கப் பொண்டாட்டி வேண்டும். எத்தனை பேருக்கு அது கட்டியிருக்கும்?

முன்னாள்_விஏஓ:

பதிவேடு பற்றிக் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதில் என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 1886 ஆப்காரி சட்டத்தின்படி அரசாங்கம் ஏலம் விட்டது கட்டடத்தை இல்லை, விற்கிற உரிமையை. ஏலம் எடுத்தவர் மரத்துக்கு மரவரி தனியாகக் கட்ட வேண்டும். கடை வைக்கிற இடம் பல ஊர்களில் யாரோ ஒருவருடைய மனை, வாடகைக்கு எடுத்தது. ஏலம் கைமாறினால் கடையும் இடம் மாறலாம். அதனால் தாத்தா சொன்ன கடையும் அப்பா சொன்ன கடையும் ஒரே கட்டடம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு அ-பதிவேட்டைப் பாருங்கள், புறம்போக்கா பட்டாவா என்று தெரியும். புறம்போக்கில் நிற்கும் பனை, புளிக்கு 2-சி பட்டா என்று தனியாக உண்டு, மரத்தை யார் அனுபவித்தார்கள் என்று அதில் வரும். ஆனால் என் அனுபவத்தில் இந்த மாதிரி விஷயத்துக்கு எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி பழைய கிரயப் பத்திரம். செக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கெல்லை, எழுதும்போது அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதுவார்கள். "கள்ளுக்கடைக்கு மேற்கு" என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அங்கே கடை இருந்தது. பத்திரத்தில் தேதி இருக்கிறது. வேறென்ன வேண்டும்? உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே தேடுங்கள், முதலில் அங்கே.

காரிமங்கலத்தான்:

விஏஓ ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பெட்டியில் தேடினோம். தாத்தா 1956-ல் வாங்கின புஞ்சைக்கான பத்திரம் கிடைத்தது. ஓரம் எல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. நான்கெல்லையில் "பழைய கள்ளுக்கடை மனைக்கும் வண்டிப்பாட்டைக்கும் தெற்கு" என்று வருகிறது. அந்தப் புஞ்சை ஏரிக்கரையில் இல்லை! ஊருக்குக் கிழக்கே, இப்போது கல்யாண மண்டபம் இருக்கிற பக்கம். அப்பாவுக்கே இது தெரியாது. படித்துக் காட்டினதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் "அப்போ அங்கேயா இருந்திருக்கு" என்றார்.

ஆக தாத்தா காலத்துக் கடை கிழக்கே, 1956-லேயே "பழைய" ஆகிவிட்டது. ஏரிக்கரைக் கல் கட்டடம் 71-ல் வந்ததாக இருக்க வேண்டும், அதையே 81-ல் திரும்ப எடுத்திருப்பார்கள் போல. ஆனால் கட்டடத்தைப் பார்த்தால் 71-ல் கட்டினது மாதிரி இல்லை, அதைவிடப் பழசு. கல் எல்லாம் பெரிசு பெரிசாக இருக்கிறது.

தகடூர்ப் பழசு:

அருமை தம்பி. கட்டடம் பழசாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சந்தைக்கு வருகிற வண்டிகள் இறங்குகிற சாவடியாகவோ, யாரோ ஒரு மிராசு கட்டின தானியக் கிடங்காகவோ இருந்ததை 71-ல் வாடகைக்குப் பிடித்திருக்கலாம். இரண்டு வருஷக் கடைக்கு யாரும் கல்லால் கட்ட மாட்டார்கள்.

இன்னொரு சாட்சி உங்கள் ஏரிக்கரையிலேயே நிற்கலாம். அங்கே ஈச்சமரம் இருக்கிறதா? நம் பக்கத்தில் பனங்கள் அளவுக்கு ஈச்சங்கள்ளும் ஓடியது. பனையிலும் தென்னையிலும் பாளையைச் சீவுவார்கள், மரத்தில் தழும்பு தெரியாது. ஈச்சமரத்துக்கு அப்படி இல்லை, கழுத்திலேயே ஒரு பக்கமாகச் செதுக்கி வடிப்பார்கள். அடுத்த பருவத்துக்கு எதிர்ப்பக்கம். மரம் மேலே வளர வளர அந்தச் செதுக்கு அப்படியே அடிமரத்தில் தங்கிவிடும். அதனால் நிறைய வடித்த ஈச்சமரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பள்ளம் விழுந்து நெளிந்து நிற்கும். ஒரு பள்ளம் என்றால் ஏறக்குறைய ஒரு பருவம். பள்ளம் பள்ளமாக வந்து, நடுவில் ஓர் ஆள் உயரம் வெறும் மரமாக இருந்து, மேலே திரும்பப் பள்ளம் வந்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு எச்சரிக்கை, திருட்டுத்தனமாக இறக்கினவனும் அதே கத்தியால்தான் செதுக்கினான், மரத்துக்கு உரிமம் தெரியாது.

ஓசூர்வாசி:

தடைக்காலத்தில் ஈச்சமரத்தை விடுங்கள், வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு மலையடிவாரத்தில் சாராய ஊறல் போட்டவர்கள் கதைதான் பெரிசு. அதை எழுதினால் இந்தப் பக்கத்துப் பாதிக் குடும்பங்கள் என்னைச் சும்மா விடாது.

சேலம் பக்கத்துச் செய்தி இன்னொன்று. 1921 கள்ளுக்கடை மறியல் சமயத்தில் பெரியார் தாதம்பட்டியில் இருந்த தன் தோப்பில் ஐந்நூறுக்கும் மேல் தென்னையை வெட்டிச் சாய்த்தார். அதனால் 1937-க்கு முன்பே இந்த மாவட்டத்தில் கள்ளுக்கடை வாசலில் மறியல் பழக்கமான காட்சிதான். உங்கள் கிழக்கு மனைக் கடைக்கு முன்னாலும் யாராவது உட்கார்ந்திருக்கலாம். ஊரில் சுதந்திரப் போராட்டத் தியாகி ஓய்வூதியம் வாங்கின குடும்பம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பாலக்கோட்டுக்காரி:

இதையும் கேளுங்கள். 1937-ல் கடையை மூடினதோடு விடவில்லை, சாயங்காலம் ஆண்களுக்குப் போக்கிடம் வேண்டுமே என்று டீக்கடை, பஜனை, தெருக்கூத்து, விளையாட்டு என்று ஏற்பாடு செய்தார்கள். உங்கள் ஊரில் கிழக்குத் தெருப் பக்கம் பழைய பஜனைக் கோயில் ஏதாவது இருந்தால், அது எப்போது வந்தது என்று விசாரியுங்கள். டீக்கடை மட்டும் இன்றுவரை நின்றுவிட்டது, பஜனை போய்விட்டது.

அப்புறம் அந்தச் சுண்டல் கிழவியின் குடும்பம் யாராவது இருக்கிறார்களா? ஏலம் எடுத்தவர் பெயரைத் தேடுவதற்கு முன்னால் அவர் பெயரைத் தேடுங்கள். சுண்டலும் கருவாடும் தலைக்கறியும் விற்ற பெண்களுக்குத்தான் யார் தினமும் வந்தார்கள், யார் கடன் வைத்தார்கள், எல்லாம் தெரியும்.

காரிமங்கலத்தான்:

ஈச்சமரம் பார்த்தேன். கரையில் இப்போது கொஞ்சம்தான் மிச்சம். அதில் இரண்டில் பள்ளம் இருக்கிறது, இடுப்பு உயரத்துக்கு மேலே நெருக்கமாகச் சில, பிறகு நீளமாக ஒன்றுமில்லை, அப்புறம் திரும்பவும் சில. அதற்கு மேல் உச்சிவரை ஒரு கீறல் கிடையாது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், நாளை போடுகிறேன்.

சுண்டல் கிழவியின் பேரன் தர்மபுரி பேருந்து நிலையத்தில் பூக்கடை வைத்திருக்கிறாராம், அண்ணன் அழைத்துப் போகிறேன் என்கிறார். கேள்வி ஒன்று மட்டும் மிச்சம்: 71-லும் 81-லும் ஏலம் எடுத்தவர்கள் யார் என்று எங்கே பார்ப்பது?

முன்னாள்_விஏஓ:

அது தாலுகாவில் கிடைப்பது கஷ்டம், அந்தக் கோப்புகளைப் பல இடங்களில் அழித்துவிட்டார்கள். மாவட்ட அரசிதழில் ஏல அறிவிப்புகள் வந்திருந்தால் அதில் கடையின் பெயரும் இடமும் இருக்கும். 1937-க்கு முந்தையது என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும், வருவாய் வாரியத்தின் ஆப்காரிக் கோப்புகள் அங்கே உண்டு. தர்மபுரி என்று தேடாதீர்கள், சேலம் என்று தேடுங்கள்.

கல் கட்டடம் நிற்கிற மனைக்கு வில்லங்கம் போடுங்கள். பழைய வருஷங்கள் கணினியில் வராது, சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, பத்திர நகல் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். குத்தகைப் பத்திரம் பதிவாகியிருந்தால் ஏலம் எடுத்தவர் பெயர் அதில் அகப்பட்டுவிடும். சர்வே எண்ணை உட்பிரிவோடு எழுதிக்கொண்டு போங்கள்.